பழைய இணையக் குழுக்களில் எழுதியதைத் தேடி எடுப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் பெரியப்பா, சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். "2004-இலோ 2005-இலோ ஒரு மடற்குழுவில் எங்கள் ஊர்த் தேரைப் பற்றி எழுதியிருந்தேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். அது இப்போது கிடைக்குமா, அம்மா?"

கிடைத்தது. இரண்டு மாலைகள் பிடித்தன. அவருக்குத் தேடிக் கொடுத்தபோது செய்தவற்றை அப்படியே இங்கே எழுதுகிறேன். கணினியில் பெரிய பழக்கம் இல்லாதவர்களும் செய்யக்கூடியவைதான். தமிழில் எழுதுகிறவர்களுக்கு எழுத்துருச் சிக்கல் ஒன்று கூடுதலாக உண்டு. அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் அந்த இடத்தில்தான் நம்பிக்கையை இழந்து விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

உடனே தேடல் பெட்டியைத் திறக்காதீர்கள். நான் பெரியப்பாவிடம் முதலில் கேட்டது, "என்ன பெயரில் எழுதினீர்கள்?" என்பதுதான். சொந்தப் பெயர் என்றார். சற்று யோசித்துவிட்டு, "இல்லை, தொடக்கத்தில் ஊர்ப்பெயரைச் சேர்த்து ஒரு புனைபெயர் வைத்திருந்தேன்" என்றார். அந்த ஒரு பதில்தான் பாதி வேலையை முடித்தது.

தாளில் எழுத வேண்டியவை இவை: நீங்கள் பயன்படுத்திய எல்லாப் பெயர்களும், அவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதினீர்கள் என்பதும், அந்தக் காலத்து மின்னஞ்சல் முகவரிகள், குழுவின் பெயர், தோராயமான காலம். ஆண்டு நினைவில்லை என்றால் வேறொரு நிகழ்ச்சியோடு பொருத்திப் பாருங்கள். பெரியப்பாவுக்கு மாதம் நினைவில்லை. ஆனால் சுனாமி வந்து சில மாதங்கள் கழித்து எழுதியது என்று உறுதியாகச் சொன்னார். சுனாமி 2004 டிசம்பர் 26. ஆக, 2005-இன் முதல் பாதியில் தேடினால் போதும் என்று ஆயிற்று.

உங்கள் எழுத்தின் வழக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மடலை எப்படித் தொடங்குவீர்கள், எப்படி முடிப்பீர்கள், கையெழுத்துக்குக் கீழே ஏதாவது குறள் வைத்திருந்தீர்களா, எந்தச் சொல்லை எப்போதும் தவறாகவே எழுதுவீர்கள். கடைசியாகச் சொன்னது மிகவும் உதவும். சரியாக எழுதப்பட்ட சொல்லைத் தேடினால் ஊரார் எல்லோருடைய எழுத்தும் வரும். உங்களுக்கே உரிய பிழையைத் தேடினால் பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் வருவீர்கள்.

குழுவுக்குப் போகும் முன் உங்கள் அஞ்சல்பெட்டி

மடற்குழு என்றால் எழுதியது எல்லாம் மின்னஞ்சலாகப் போய் வந்தது. குழுவே மூடப்பட்டிருந்தாலும் உங்கள் பெட்டியில் ஒரு படி இருக்கக்கூடும். அதனால் முதல் தேடல் அங்கேதான்.

பழைய கணக்குக்குள் இப்போதே ஒருமுறை நுழைந்து பாருங்கள். இதை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். இரண்டு ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. யாஹூ அஞ்சலில் 12 மாதங்கள் நுழையாமல் இருந்தாலே பெட்டியில் உள்ளவை நீக்கப்படலாம். கடவுச்சொல் மறந்திருந்தால் அந்த நிறுவனத்தின் சொந்த மீட்புப் பக்கத்தின் வழியாக மட்டும் முயலுங்கள். காசு கொடுத்தால் கணக்கைத் திறந்து தருகிறேன் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் எந்த விவரத்தையும் கொடுக்காதீர்கள்.

ஜிமெயில் என்றால், கணினியில் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் சிறிய அடையாளத்தைச் சொடுக்குங்கள். ஒரு படிவம் விரியும். அனுப்புநர் என்ற இடத்தில் உங்கள் முகவரி, பெறுநர் என்ற இடத்தில் குழுவின் முகவரி, கீழே தேதி வரம்பு. எங்கே தேட வேண்டும் என்ற கட்டத்தில் எல்லா அஞ்சலும், குப்பையும் உட்பட, என்பதைத் தேர்ந்தெடுங்கள். சொல் எதுவும் இட வேண்டாம். குழுவுக்கு நீங்கள் அனுப்பியவை எல்லாம் தேதி வரிசையில் வந்து நிற்கும்.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. குழுவுக்கு நீங்கள் அனுப்பிய மடல், மற்றவர்களுக்குப் போவதுபோல உங்கள் உள்பெட்டிக்குத் திரும்பி வருவதில்லை. இரண்டாம் படி என்று கருதி ஜிமெயில் அதைத் தனியாகக் காட்டாது. ஆகவே உள்பெட்டியில் இல்லை என்பதற்காக மடல் தொலைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அனுப்பியவை என்ற பகுதியில் பாருங்கள்.

குழுவின் இணையப் பக்கத்திலேயே நேரடியாகத் தட்டச்சு செய்து இட்டிருந்தால் அனுப்பியவை பகுதியிலும் இருக்காது. அப்போது உங்களுக்குப் பதில் எழுதியவர்களின் மடல்களைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் முழு மடலையும் கீழே விட்டுவிட்டு மேலே இரண்டு வரி எழுதி அனுப்பும் பழக்கம் இருந்தது. அதைப் பிறர் அப்போது கண்டித்தார்கள். இன்று அந்தப் பழக்கத்தால்தான் பல மடல்கள் பிழைத்திருக்கின்றன. பெரியப்பாவின் கட்டுரை முழுதாகக் கிடைத்தது, "அருமை ஐயா, எங்கள் ஊர்த் தேர் நினைவுக்கு வந்தது" என்று ஒருவர் எழுதிய பதிலின் அடியில்தான்.

நாள்தொகுப்பாக மடல் பெற்றுக்கொண்டவர்களுக்கு வேறு வகைச் சிரமம். பல மடல்கள் ஒரே மடலாகக் கட்டப்பட்டு வந்திருக்கும். பொருள் வரியில் உங்கள் தலைப்பு இருக்காது, தொகுப்பின் எண்தான் இருக்கும். குழுவின் பெயரையும் தேதியையும் கொடுத்துத் தொகுப்புகளை வரவழைத்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உள்ள பொருளடக்கத்தைப் படித்துக்கொண்டே போக வேண்டும். நேரம் எடுக்கும் வேலைதான்.

எழுத்து புரியாத கோலமாக வந்தால்

பெரியப்பாவின் மடலைத் திறந்தபோது தமிழே இல்லை. தலையில் இரு புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள், பவுண்டு அடையாளம், கேள்விக்குறி தலைகீழாக நிற்பது போன்ற குறிகள் எனப் பக்கம் முழுவதும் நெருக்கமாக இருந்தன. "கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, விட்டுவிடு" என்றார். கெட்டுப்போகவில்லை.

கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாக வைத்துக்கொள்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடுதான் குறிமுறை. இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல குறிமுறைகள் இருந்தன. இணைய மடற்குழுக்களில் பெரிதும் ஓடியது திஸ்கி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற இரண்டை முன்வைத்தது. இவற்றோடு ஒவ்வொரு நாளிதழுக்கும் நிறுவனத்துக்கும் தனித்தனி எழுத்துருக்கள். திஸ்கி, டாப் போன்றவை ஆங்கிலம் போக மீதமிருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. டாம், பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடங்களையும் எடுத்துக்கொண்டவை. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லையென்றால் அதே இடத்தில் ஆங்கில எழுத்தோ பிற ஐரோப்பிய எழுத்தோ தெரியும். உள்ளே இருக்கும் எண்கள் மாறுவதில்லை. அதனால்தான் மீட்க முடிகிறது.

செய்ய வேண்டியது எளிது. அந்தக் கோலத்தை முழுதாகப் படியெடுத்து ஒரு குறிமுறை மாற்றியில் ஒட்டுங்கள். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, என்.எச்.எம். கன்வர்ட்டர் ஆகியவை தமிழ் இணையத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டவை. மூலக் குறிமுறை திஸ்கி, இலக்கு யூனிகோட் என்று கொடுத்து மாற்றிப் பாருங்கள். சரியாக வரவில்லை என்றால் டாப், பிறகு டாம், பிறகு பாமினி என்று ஒவ்வொன்றாக. சொற்களுக்கு நடுவே நம் கண்ணுக்குப் பழகிய "அன்புள்ள", "வணக்கம்" தெரிந்துவிட்டால் சரியான குறிமுறை கிடைத்துவிட்டது என்று பொருள்.

எங்களுக்கு முதல் முயற்சியிலேயே திஸ்கி பொருந்தியது. மேல் பெட்டியில் குறிகளின் குவியல், கீழ்ப் பெட்டியில் "வடத்தைத் தொட்ட கையில் அன்று முழுக்கத் தேங்காய் நார் வாசம் போகாது" என்ற வரி. பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

இன்னொரு வகைக் கோலமும் உண்டு. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்ற வணிகமுத்திரை அடையாளம், இவை இரண்டும் திரும்பத் திரும்ப வந்தால், அது யூனிகோட் தமிழ்தான். உலாவி தவறாகப் படித்திருக்கிறது, அவ்வளவே. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் காட்சிப் பட்டியலில் எழுத்துக் குறிமுறையைச் சரிசெய்யும் கட்டளை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆனால் எழுத்துகளின் இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால், அந்தப் படியை மீட்க முடியாது. வழியில் ஏதோ ஒரு கணினி எண்களையே அழித்துவிட்டுக் கேள்விக்குறியை இட்டிருக்கிறது. அந்தப் படியோடு மல்லுக்கட்டாமல், அதே மடலின் வேறொரு படி யாரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம். திஸ்கி மடல்களை இன்றைய தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடினால் எதுவும் வராது. அக்காலத்து மடல்களுக்குத் தேதியும் ஆங்கிலத்தில் எழுதிய பெயரும்தான் சாவி.

யூனிகோட் மடல்களில் சொல்லைத் தேர்ந்தெடுப்பது

யூனிகோடில் எழுதியிருந்தாலும் தமிழ்ச் சொல்லைத் தேடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. தேர் என்று நீங்கள் தேடுவீர்கள். மடலில் தேரை, தேரில், தேருக்கு, தேரடி என்றுதான் எழுதியிருப்பீர்கள். பல தேடல் பெட்டிகள் முழுச்சொல்லைத்தான் ஒப்பிடுகின்றன. தேர் என்று இட்டால் தேரை வராது.

ஆகவே உருபு ஏறிய வடிவங்களையும் ஒவ்வொன்றாக முயலுங்கள். அல்லது உருபு ஏற வாய்ப்பில்லாத சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ஓர் ஆண்டு எண், ஓர் ஆங்கிலச் சொல், உங்கள் வாழ்த்துத் தொடர், கையெழுத்து வரி போன்றவை. மேலும் ஒன்று: சில பழைய விசைப்பலகைகள் 'கொ' என்பதில் கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாக இட்டன. இன்றைய விசைப்பலகை ஒரே குறியாக இடுகிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, சில தேடல்களுக்குத் தெரியும். ஒகர, ஓகார, ஔகார எழுத்து உள்ள சொற்களைத் தவிர்த்துவிட்டு வேறு சொல்லால் தேடினால் இந்தத் தொல்லை இல்லை.

ரோமன் எழுத்தில் தமிழ் எழுதிய காலத்தவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். யூஸ்நெட் என்ற பழைய விவாத வலையின் குழுக்களில் அப்படித்தான் எழுதினார்கள். ழகரத்துக்குச் சிலர் இசட் மட்டும் இட்டார்கள், சிலர் இசட்டோடு எச் சேர்த்தார்கள், சிலர் பெரிய எழுத்து எல் இட்டார்கள். நெடிலுக்கு ஒரே எழுத்தை இரண்டு முறை இட்டவர்களும் உண்டு, பெரிய எழுத்தாக இட்டவர்களும் உண்டு. உங்கள் வழக்கம் எது என்று நினைவுபடுத்திக்கொண்டு தேடுங்கள்.

எந்தக் குழு, எங்கே தேடுவது

யாஹூ குழுமங்களில் மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற தமிழ்க் குழுக்கள் சுறுசுறுப்பாக இயங்கின. அந்தச் சேவையில் இருந்த மடல்களும் கோப்புகளும் 2019 டிசம்பரில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டன. 2020 டிசம்பர் 15-ஆம் தேதி சேவையே முடிந்தது. ஆகவே அங்கே எழுதியவர்களுக்கு முதல் வழி அஞ்சல்பெட்டி. இரண்டாவது வழி, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற தளம். மூடப்படும் முன் தன்னார்வலர்கள் பொதுக் குழுக்கள் பலவற்றைப் படியெடுத்து அங்கே சேர்த்தார்கள். குழுவின் ஆங்கிலப் பெயரை இட்டுத் தேடிப் பாருங்கள். அதே தளத்தின் வேபேக் மெஷினில் குழுவின் பழைய இணைய முகவரியை இட்டால், எந்தெந்த நாளில் அந்தப் பக்கம் படியெடுக்கப்பட்டது என்று நாள்காட்டி காட்டும். அங்கே முகவரிதான் வேண்டும், கட்டுரையின் சொற்களைக் கொடுத்துப் பயனில்லை. உறுப்பினர்கள் மட்டுமே படிக்க முடிந்த குழுக்கள் அதில் அநேகமாக இருக்காது.

கூகுள் குழுக்களில் மின்தமிழ், அன்புடன் முதலியவை இருந்தன. குழுவின் பக்கத்தைத் திறந்து, தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள அம்பைச் சொடுக்கினால் எழுதியவர், தேதி என்று தனித்தனியாக இடம் வரும். எழுதியவர் இடத்தில் முழு முகவரியை இட்டு ஒன்றும் வராவிட்டால் பெயரை மட்டும் இட்டுப் பாருங்கள். வெளியார் கண்ணில் படாமல் இருக்க முகவரியின் நடுப்பகுதியைப் புள்ளிகளால் மறைத்திருப்பார்கள். நீங்கள் அப்போது சேர்ந்திருந்த அதே கணக்கில் நுழைந்துவிட்டுத் தேடுவது இன்னும் நல்லது.

யூஸ்நெட்டில் எழுதியவர்களின் மடல்களும் கூகுள் குழுக்களிலேயே கிடைக்கும். டேஜா நியூஸ் என்ற நிறுவனம் சேர்த்து வைத்திருந்த யூஸ்நெட் களஞ்சியத்தை 2001-இல் கூகுள் வாங்கியது. பின்னர் 1981 வரையுள்ள மடல்கள் சேர்க்கப்பட்டன. 2024 பிப்ரவரி 22-க்குப் பிறகு அங்கே புதிய யூஸ்நெட் மடல்கள் வருவதில்லை, பழையவற்றைப் படிக்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் உரையாடியவர்களுக்குக் கவலையே இல்லை. ஆலமரத்தடி என்ற அதன் பொது உரையாடல் பக்கத்தில் எழுதிய ஒற்றை வரிகூட வரலாற்றில் பதிவாகியிருக்கும். கணக்கில் நுழைந்து, மேலே உள்ள பங்களிப்புகள் என்ற இணைப்பைத் திறந்து, பெயர்வெளி என்ற இடத்தில் பேச்சு அல்லது விக்கிப்பீடியா என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கணக்கில் நுழையாமல் எழுதியவையும், பின்னர் நீக்கப்பட்ட பக்கங்களில் எழுதியவையும் மட்டும் இந்தப் பட்டியலில் வராது. நான் பார்த்த இடங்களில் எழுதியவருக்கு இவ்வளவு நேர்மையாகக் கணக்குக் கொடுக்கும் இடம் வேறில்லை.

ஃபேஸ்புக் குழு என்றால், குழுவுக்குள் போய் உங்கள் பெயரைத் தொட்டால் அந்தக் குழுவில் நீங்கள் இட்டவை தனியாக வரும். எந்தக் குழு என்றே மறந்துவிட்டவர்கள் அமைப்புகளில் உள்ள செயல்பாட்டுப் பதிவுக்குப் போய்க் குழுக்கள் பகுதியைத் திறக்கலாம். பதிவும் கருத்தும் அங்கே தேதிவாரியாக இருக்கும்.

டெலிகிராமில் குழுவுக்குள் தேடும்போது ஆள் வடிவ அடையாளத்தைத் தொட்டு உங்களையே தேர்ந்தெடுக்கலாம். கணினியில் நிறுவும் டெலிகிராமில், குழுக்களிலிருந்து என் செய்திகளை மட்டும் என்று தேர்ந்தெடுத்து மொத்தமாகத் தரவிறக்கும் வசதியும் உண்டு.

வாட்ஸ்அப்பில்தான் சற்றுச் சுற்றி வர வேண்டும். குழுவைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, மேலும் என்பதற்குள் உரையாடலை ஏற்றுமதி செய் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படங்கள் இல்லாமல் என்று சொல்லி உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். படங்கள் இல்லாமல் என்றால் அண்மைய 40,000 செய்திகள் வரை வரும், படங்களோடு என்றால் 10,000. குழுவில் மேம்பட்ட அந்தரங்கப் பாதுகாப்பு என்ற அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் ஏற்றுமதி நடக்காது. வந்து சேர்ந்த உரைக்கோப்பைக் கணினியில் திறந்து உங்கள் பெயரோடு முக்காற்புள்ளியையும் சேர்த்துத் தேடுங்கள். பெயரை மட்டும் தேடினால் மற்றவர்கள் உங்களைக் குறிப்பிட்ட இடமெல்லாம் வரும். எங்கள் குடும்பக் குழுவில் அத்தை எழுதிய நார்த்தங்காய் ஊறுகாய்ச் செய்முறையை இப்படித்தான் எடுத்தேன். செய்முறை ஒன்பது வரி, பெயர் முதல் வரியில் மட்டுமே இருந்தது. ஆகவே பெயர் உள்ள வரியோடு நிற்காமல், அடுத்த தேதி வரும் வரை கீழே படியெடுங்கள். அவசரத்தில் முதல் வரியை மட்டும் எடுத்திருந்தால் உப்பின் அளவு எனக்குக் கிடைத்திருக்காது.

எங்கும் கிடைக்கவில்லை என்றால்

குழுவை நடத்தியவருக்கு எழுதுங்கள். பலர் தங்கள் சொந்தக் கணினியில் மடல்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். "பழைய மடல் ஒன்று வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் அவர்களால் தேட முடியாது. பெயர், காலம், பொருள் மூன்றையும் கொடுங்கள். இந்த அளவு போதும்:

"வணக்கம் ஐயா. 2005-இல் உங்கள் குழுவில் இன்ன பெயரில் எழுதிவந்தேன். அந்த ஆண்டு ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ஊர்த் தேரைப் பற்றி இட்ட மடலைத் தேடுகிறேன். திஸ்கியில் இருக்கலாம். உங்களிடம் பழைய தொகுப்பு இருந்தால் அந்த மாதங்களின் கோப்பை மட்டும் அனுப்ப முடியுமா? நானே தேடி எடுத்துக்கொள்கிறேன்."

கிடைத்ததைச் சேமிக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிய படியோடு, மாற்றாத மூலத்தையும் வைத்திருங்கள். மாற்றியில் ஏதாவது எழுத்து தவறியிருந்தால் பின்னால் ஒப்பிட அது வேண்டும். குழுவின் பெயர், தேதி, பொருள் வரி மூன்றையும் தலையில் எழுதுங்கள். பதில் எழுதியவர்களின் வரிகள் அவர்களுடையவை. உங்கள் கட்டுரையைப் புத்தகத்திலோ வேறெங்கோ வெளியிடும்போது அவற்றைச் சேர்க்க வேண்டுமானால் அவர்களைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். பழைய மடலின் அடியில் வீட்டு முகவரியோ தொலைபேசி எண்ணோ இருந்து, அது இன்னும் பொதுவெளியில் தெரிந்துகொண்டிருந்தால், படியெடுத்த பிறகு அந்த மடலை நீக்கிவிடுங்கள். உங்களால் நீக்க முடியாத இடமாக இருந்தால் குழுவின் நிர்வாகியிடம் சொல்லுங்கள்.

பெரியப்பாவின் மடலிலும் அப்படி ஓர் எண் இருந்தது. ஊர் வீட்டின் பழைய தரைவழித் தொலைபேசி எண். அதை மட்டும் எடுத்துவிட்டு, மீதியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அவருக்கு அஞ்சலில் அனுப்பினேன்.